வாயசைப்பு

வடசேரியில் கோலப்பன் பூதப்பாண்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே முன் இருக்கைப் பெண்பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டாள். அவள் மடியில் இருந்த பையிலிருந்து முருங்கைக்காய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒருமுறை பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளின் தொடையில் தட்டினாள், மறுபடியும் பார்த்தாள்.

"எம்மா, இது டிவியில வாற சிதம்பரநாதன்லா?"

கோலப்பன் சிரித்துவைத்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாலும் அதோடு விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"சார், உங்க தம்பி கேசு போட்டிருக்கானே, அவன இனிமே வீட்டுக்குள்ள ஏத்தாதிய. அவன் பொண்டாட்டிதான் எல்லாத்துக்கும் காரணமாக்கும்."

"செரி, ஏத்தல்ல."

இரண்டே வார்த்தைகள். அவள் முகம் சுருங்கியது. கடையில் கேட்ட சாமான் இல்லாமல் வேறொன்றைக் கையில் கொடுத்ததுபோல அவரைப் பார்த்தாள்.

"தொண்டைக்கு என்ன சார்? சளியா?"

பதினோரு வருடமாக அவருக்குச் சளிதான். ஊருக்கு வரும்போதெல்லாம், கல்யாண வீட்டில், கோயிலில், மருந்துக்கடையில், யாராவது கேட்பார்கள். அவரும் ஆமா, சளி, மெட்ராஸ் தண்ணி ஒத்துக்கிடல்ல என்பார். சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் குடிக்கச் சொல்வார்கள். இன்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"சளி ஒண்ணும் இல்ல கேட்டியளா. இதுதான் எங் கொரலு. இன்னைக்கு ஏழரைக்குப் பாருங்க, இதே கொரல்லதான் பேசுவேன்."

"அப்போ இவ்வளவு நாளும் பேசினது?"

"அது வேற ஆளு."

அவள் பையை மடியில் இழுத்துவைத்துக்கொண்டு முன்பக்கம் திரும்பினாள். இறச்சகுளம் தாண்டியும் அவள் திரும்பவில்லை.

சீரியலுக்குப் போகுமுன் கோலப்பன் வடசேரிச் சந்தையில் வாழைக்குலை ஏலம் விளித்துக்கொண்டிருந்தவர். விடிவதற்குள் ஏத்தனும் மட்டியும் செந்துளுவனுமாக வந்து குவியும். குலைகளை வரிசையாக நிறுத்தி, காம்பில் கையை வைத்து அவர் விலை கூறத் தொடங்கினால் சந்தையின் மறுகோடியில் நிற்பவனுக்கும் கேட்கும். அதைக் கூச்சல் என்று சொல்ல முடியாது. ஏறி, ஓர் இடத்தில் நின்று, இறங்கி, கடைசி விலையில் ஒரு சுழி சுழித்து முடியும். வேண்டாத குலைக்கும் விலையை ஏற்றிக் கேட்டுவிட்டு, "இவன் பேசிப் பேசியே நம்ம தலையில கெட்டிருவான்" என்று வியாபாரிகள் திட்டுவார்கள். திருவிழா நாடகத்தில் ராஜா வேடம் அவருக்குத்தான். சந்தையில் படம்பிடிக்க வந்த ஒரு டைரக்டர் அவரை ஒரு காட்சியில் நிற்கவைத்தார். அடுத்த வருடம் அந்த டைரக்டரே 'ஏழுகட்டு வீடு' என்ற சீரியலைத் தொடங்கியபோது, பெரிய வீட்டு மூத்த மகன் சிதம்பரநாதன் வேடத்துக்குக் கோலப்பனைக் கூப்பிட்டார்.

உயரமும் மீசையும் நெற்றியும் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. டப்பிங் தியேட்டரில்தான் சிக்கல் வந்தது. அவர் இரண்டு வசனம் பேசியதும் ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், பாட்டுப் பாடுற மாதிரி பேசறீங்க. செட்டிநாட்டுப் பெரிய மனுஷன் கேரளாவிலேருந்து வந்தவர் மாதிரி பேசினா யார் நம்புவா?"

நாலு நாள் முயன்றார்கள். இழுப்பைக் குறைத்தால் வசனம் செத்துப் போயிற்று. கடைசியில் முஹம்மது ஷரீஃப் என்பவரைக் கூட்டிவந்தார்கள். மெலிந்த, சின்ன உருவம். வாயைத் திறந்தால் கோயில் மணியின் நாக்கு அசைந்ததுபோல இருந்தது. அன்றிலிருந்து படப்பிடிப்பில் கோலப்பன் பேசுவார், அது அழிந்துபோகும். அவர் வாய் அசைந்த அசைவுக்குள் ஷரீஃபின் குரல் வந்து உட்காரும். அந்தக் குரலுக்குத்தான் தமிழ்நாடு முழுவதும் ரசிகர்கள். கடை திறப்பு விழாக்களுக்குக் கூப்பிட்டால் ரிப்பன் வெட்டுவார், மைக்கைப் பிடிக்கமாட்டார்.

போன மாதம் ஷரீஃபுக்குத் தொண்டையில் அறுவை நடந்தது. கோலப்பன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். கழுத்தில் கட்டோடு படுத்திருந்த ஷரீஃப் இவரைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார். வாயை அசைத்தார். சத்தம் வரவில்லை. மனைவி ரைஹானத் அந்த உதடுகளைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இனிமே நீங்களே பேசிக்குங்கன்னு சொல்றாரு."

கோலப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது உள்ளுக்குள் ஏதோ குதித்தது. அது சந்தோஷம் என்று தெரிந்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது.

கையிருப்பில் இருந்த எபிசோடுகள் தீர்ந்துகொண்டிருந்ததால், கோலப்பனே பேசட்டும் என்று டைரக்டரும் தலையை ஆட்டினார். தம்பி வக்கீலோடு வந்து நிற்க, சிதம்பரநாதன் வீட்டுச் சாவியை அவன் முன்னால் தூக்கிப் போட்டுப் பேசும் காட்சி. கோலப்பன் அதைத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசி முடித்தபோது தியேட்டரில் டீ கொண்டுவந்தவன்கூட அசையாமல் நின்றான். அது ஒளிபரப்பாகும் நாளில் வீட்டில் இருக்கவேண்டும் என்றுதான் இப்போது வந்துகொண்டிருக்கிறார்.

ஆடிக் காற்று தாடகை மலையைச் சுற்றி இறங்கி அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டமான விளையில் இலைகள் நார்நாராகக் கிழிந்து சடசடத்தன. மனைவி பகவதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாய்ந்த ஏத்தன் வாழை ஒன்றைத் தோளால் தள்ளிப் பிடித்திருந்தாள். விளையில் கூடமாட வேலைசெய்யும் ததேயுஸ் அதற்கு முட்டுக்கம்பு கொடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வந்தியளா?" என்று அவள் மரத்தை விடாமலே கேட்டாள். "அடுத்த மாசம்னுல்லா சொன்னிய."

"இன்னைக்கு என்ன விசேசம்னு தெரியுமா?"

"அபிதா சொன்னா. நீங்களாக்கும் பேசுகியன்னு. செரி, கை கழுவிட்டு இருங்க. மரச்சீனி வேகுது."

ததேயுஸ் சிரித்தார். "அண்ணாச்சி, நானும் பாத்திட்டுத்தான் போவேன். வீட்டுக்காரியையும் வரச் சொல்லியிருக்கேன்."

ஏழு மணிக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் தட்டில் வந்தன. கரண்டு இரண்டு தடவை போய் வந்தது. ததேயுஸும் அவர் மனைவியும் வாசலை ஒட்டி உட்கார்ந்தார்கள். பி.எட். படிக்கிற மகள் அபிதா செல்போனை மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். பகவதி நாற்காலியைத் துடைத்து டிவிக்கு நேரே போட்டுக்கொண்டாள். தினமும் அவள் உட்காரும் இடம் அது.

சிதம்பரநாதன் வந்தார். சாவியைத் தூக்கிப் போட்டார். "இந்த வீட்டோட ஏழு கட்டையும் எடுத்துக்கோ" என்று தொடங்கினார்.

அறையில் யாரும் அசையவில்லை. கோலப்பன் டிவியைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் ஏறியது, நின்றது, இறங்கியது. கடைசி வார்த்தையில் சுழித்தது.

ததேயுஸுக்கு முகமெல்லாம் பல். "அண்ணாச்சி, அந்தக் காலத்துல நீங்க குலை ஏலம் போடுவியளே, அதேமாதிரி இருக்கு கேட்டியளா! கொள்ளாம்!"

அவர் மனைவி முழங்கையால் இடித்தாள். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அது கோலப்பனுக்கும் தெரிந்தது.

"ஜனங்க என்ன சொல்லுகாங்க, மக்கா?" என்று அபிதாவிடம் கேட்டார்.

"இப்பத்தானே அப்பா வந்திருக்கு. நாலஞ்சு பேருதான் எழுதியிருக்காங்க."

"வாசி."

"வேண்டாம்ப்பா."

"வாசிட்டீன்னா!"

அவள் செல்போனைப் பார்த்தபடியே சொன்னாள். "சிதம்பரநாதன் ஐயாவுக்கு என்னாச்சுன்னு கேக்காங்க. ஒருத்தரு, யாரிந்த மலையாளி, எங்க ஐயா கொரலத் திருப்பிக் குடுங்கன்னு போட்டிருக்காரு. அதுக்கு நெறைய லைக்கு."

விளம்பரம் வந்தது. பகவதி எழுந்து அடுக்களைக்குப் போனாள். விளம்பரம் முடிந்தும் வரவில்லை. கோலப்பன் போய்ப் பார்த்தபோது கழுவிய சட்டியையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் பிடிக்கல்லியா?"

"நல்லாத்தான் இருந்து."

"பொறவு எந்திச்சு வந்திட்ட?"

அவள் குழாயை மூடினாள். "சொன்னா கோவப்படப்பிடாது."

"சொல்லு."

"நீங்க மெட்ராஸ் போன பொறவு நான் ஒரு நாளும் ஏழரைய விட்டதில்ல. காய்ச்சல்ல கெடந்தும் பாத்திருக்கேன். அந்த மனுசன் பொண்டாட்டி பக்கத்துல இருந்து பேசுவாரு, சாப்பிட்டியான்னு கேப்பாரு, பிள்ளைக்குப் பரீச்ச எப்பிடின்னு கேப்பாரு. உங்க மூஞ்சி, வேற கொரலு. எனக்கு அது போதும். இன்னைக்கு வந்ததே, அது போன்ல வாற கொரலுல்லா. வேலை இருக்கு, அடுத்த மாசம் வாறேன்னு சொல்லுகிற கொரலு. வாழை சாஞ்சு கெடக்குன்னு நான் அழும்போ, ததேயுஸக் கூப்பிட்டுக்கோன்னு சொன்ன கொரலு. டிவிலயும் அதே வந்தா, நான் எங்க போயி இருப்பேன்?"

கூடத்தில் அவருடைய குரல் யாரோ ஒரு மருமகளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் டைரக்டர் போனில் வந்தார். சேனலிலிருந்து நெருக்குகிறார்கள் என்றார். ஷரீஃப் மாதிரியே பேசுகிற ஒரு பையன் கிடைத்திருக்கிறான், நேற்றே பேசிப் பார்த்தாயிற்று, அச்சு அசல் என்றார்.

"நான் நல்லா பேசல்லியா சார்? நீங்களே கட்டிப்பிடிச்சியளே அன்னைக்கு?"

"பிரமாதமா பேசினீங்க. ஆனா அது சிதம்பரநாதன் இல்லையே."

"சிதம்பரநாதன் நான்தானே சார்?"

"எமோஷனல் ஆகாதீங்க சார். திங்கக்கிழமை ஷூட்டிங். வந்துடுங்க."

"எங் கொரலு இல்லன்னா நான் வரல்ல."

இதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். இந்தப் பதினோரு வருடத்தில் அவர் யாரிடமும் எதையும் மறுத்ததில்லை. காய்ச்சலோடு மழையில் நிற்கச் சொன்னபோது நின்றார். சீரியலில் கோமாவில் கிடந்த மாதங்களில் மூக்கில் குழாயோடு கட்டிலில் படுத்துக்கிடந்தார். மீசையை எடுக்கக் கூடாது, உடம்பு ஏறக் கூடாது, வேறு வேடத்துக்குப் போகக் கூடாது என்றார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்றார். இந்த ஒன்றுக்கு அவர்கள் இறங்கிவருவார்கள் என்றே நம்பினார். முகம் என்னுடையதல்லவா, முகம் இல்லாமல் என்ன செய்வார்கள் என்று பகவதியிடம் இரண்டு தடவை சொன்னார். அவள் "ம்" என்றாள்.

திங்கள் போனது, செவ்வாய் போனது, போன் வரவில்லை. வீட்டுக்குள் இருக்க முடியாமல் காலையில் ததேயுஸோடு விளையில் இறங்கினார். முட்டுக்கம்பு சுமந்தார். தோள் தோலுரிந்தது. ததேயுஸ் ஒரே தள்ளில் நிமிர்த்துகிற வாழை இவருக்கு மசியவில்லை. வேலிக்கு அப்பால் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன சார், லீவா?" என்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் உப்பு குறைந்தது என்று அபிதாவைச் சாடினார். அவள் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"இஞ்ச வந்து எங்ககிட்ட சத்தம் போட்டா ஆச்சா? அங்கல்லா போடணும்" என்றாள்.

"ஏட்டி, அப்பாகிட்ட என்ன பேச்சு இது?" என்றாள் பகவதி. ஆனால் குரலில் கடுமை இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ததேயுஸின் மனைவி ஓடிவந்தாள். "அக்கா, டிவியப் போடுங்க, வேகம்!"

திரையின் அடியில் ஒரு வரி ஓடியது: சிதம்பரநாதன் வேடத்தில், இவருக்குப் பதில் இவர். மேலே, கோலப்பனின் நாற்காலியில், கோலப்பனின் வேட்டிச் சட்டையில், வேறொரு மனிதர் உட்கார்ந்திருந்தார். மீசை ஒட்டுமீசை என்று இங்கிருந்தே தெரிந்தது. அவர் வாயைத் திறந்தார். ஷரீஃபின் குரல் வந்தது, அல்லது ஷரீஃபைப் போன்ற அந்தப் பையனின் குரல். அந்தச் சீரியல் வீட்டில் இருந்த மனைவியும் மகள்களும் மருமகள்களும் ஒன்றும் நடக்காததுபோல அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கோலப்பன் எழுந்துபோகவில்லை. கடைசிவரை பார்த்தார். "காப்பிய அப்பிடிப் பிடிக்கப்பிடாது, சிதம்பரநாதன் இடங்கையன்" என்று ஒருமுறை சொன்னார்.

அபிதா செல்போனைத் தானாகவே கவிழ்த்து வைத்தாள். அவர் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் பால் வாங்கப் போன இடத்தில் காதில் விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர், இவர் யார் என்று பார்க்காமலே, இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆளு மாறினா என்ன ஓய், கொரலு திரும்ப வந்திட்டுல்லா. அது போதும்."

அதற்குப் பிறகு கோலப்பன் பேசுவது குறைந்துபோயிற்று. ஷரீஃபைக் கூப்பிடலாமா என்று ஒருநாள் போனை எடுத்தார். பேச முடியாத மனிதரிடம் போனில் என்ன கேட்பது என்று வைத்துவிட்டார்.

ஆவணி பிறந்தும் காற்று அடங்கவில்லை. ஒரு காலையில் விளையின் கீழ்வரிசை மொத்தமாகச் சரிந்து கிடந்தது. முக்கால் விளைந்த ஏத்தங்குலைகள். கம்பும் கயிறும் இருந்த இடத்திலேயே இருக்க, மரம் மட்டும் நடுவில் முறிந்திருந்தது. பகவதியும் ததேயுஸும் குலைகளை வெட்டி வரப்பில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கோலப்பன் சுமந்துகொண்டிருந்தார். அப்போதுதான் போன் அடித்தது. வேறொரு கம்பெனி, புதிய சீரியல், உதவி இயக்குநர்.

"சார், கதை நடக்கறதே உங்க ஊர்லதான். நாகர்கோவில் வியாபாரி கேரக்டர். ஸ்லாங் ஒரிஜினலா வேணும்னு டைரக்டர் சொல்லிட்டார். அதான் உங்களைப் பிடிச்சோம். ஏதாவது கொஞ்சம் பேசிக்காட்டுங்க, ரெக்கார்டு பண்ணிக்கறேன்."

"என்ன பேச?"

"எது வேணாலும். இப்ப என்ன செஞ்சுட்டிருக்கீங்க, அதையே பேசுங்க."

கோலப்பன் சுமந்த குலையைக் கீழே வைத்தார். வரிசையைப் பார்த்தார். பிறகு பேசத் தொடங்கினார்.

"இன்னா, எனக்க முன்னால ஒரு வரிச வாழை முறிஞ்சு கெடக்கு. நேத்தைக்குச் சாயங்காலம் நான் தொட்டுப் பாத்ததாக்கும், ஒவ்வொரு காயும் வெரல் தடி. இன்னும் இருபது நாள் நிண்ணிருந்தா ஓணத்துக்கு எடுத்திருப்பாவ. இப்ப இத யாரு வாங்குவா? நான் சந்தையில நிண்ணு ஆயிரம் குலை வித்திருக்கேன், ஒரு குலை எப்பிடி வளருதுன்னு பாத்ததில்ல. எம் பொண்டாட்டிதான் பாத்தா. ஒத்தையில. காத்து அடிக்கும்போ ராத்திரி அவளுக்கு உறக்கம் இருந்திருக்காது. நான் அங்க கெடந்து யாரோ ஒருத்திக்குக் கண்ணீரத் தொடச்சிட்டு இருந்தேன். இவ இஞ்ச தோளு குடுத்து மரத்தத் தாங்கியிருக்கா. இப்ப எந் தோளு உரிஞ்ச பொறவுதான் எனக்கு..."

நிறுத்தினார். பகவதி அரிவாளோடு நிமிர்ந்து நின்றிருந்தாள். ததேயுஸ் வேறு பக்கம் பார்த்தபடி கயிற்றைச் சுருட்டினார்.

"சூப்பர் சார், ஃபீல் சூப்பர்" என்றது போன். "ஆனா ஸ்லாங்தான்... இது நாகர்கோவில் மாதிரி இல்லையே. ஜனங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கணும். ஏலே, மக்காலாம் கொஞ்சம் தூக்கலா போட்டு, இன்னும் இழுத்து ஒருதடவை சொல்றீங்களா?"

"ஏலே மக்கா" என்றார் கோலப்பன்.

"இன்னும் கொஞ்சம்."

"ஏலே... மக்கா."

"சரி விடுங்க சார், பரவால்ல. நீங்க முகத்தைக் குடுங்க, அது போதும். வாய்ஸுக்கு சென்னையில ஒரு பையன் இருக்கான், நாகர்கோவில் ஸ்லாங் பின்னுவான். டப்பிங்ல பாத்துக்கலாம்."

கோலப்பன் போனைக் காதிலிருந்து எடுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் சின்னதாக, "சார்? சார்?" என்றது. அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

பகவதி வரப்பைத் தாண்டி வந்தாள். "யாரு?"

"ராங் நம்பரு."

"ராங் நம்பரு கிட்டயா இவ்வளவும் சொன்னிய?"

அவர் குனிந்து குலையைத் தூக்கப் போனார். அவள் அதன்மேல் காலை வைத்து நிறுத்தினாள்.

"இதுல ஒரு வார்த்த எங்கிட்டச் சொன்னதில்லியே நீங்க. பதினோரு வருசத்துல ஒரு வார்த்த. யாரோ எவனோ கேட்டதும் வருதுல்லா? இப்பச் சொல்லுங்க. இன்னா நிக்கேன். சொல்லுங்க, கேக்கேன்."

ததேயுஸ் கயிற்றை எடுத்துக்கொண்டு விளையின் மறுபக்கம் போய்விட்டார். காற்று கிழிந்த இலைகளை அடித்துக்கொண்டிருந்தது. கோலப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். சற்றுமுன் தானாக வந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போயிருந்தன. வாயைத் திறந்தார். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை.

பகவதி காலை எடுக்காமல் காத்து நின்றாள்.